எழுந்து நின்ற ஐந்நூறு பேர்

மருதங்குடி ராஜா குணதுங்கரை ஒரு கவலை பிடித்துக்கொண்டது. பஞ்சமா, படையெடுப்பா என்று கேட்காதீர்கள். பக்கத்து நாட்டு ராஜா கட்டிய விளையாட்டுக் களம் தன்னுடையதைவிடப் பெரிதாம், அதுதான் கவலை. ராஜாக்களுக்கு இதைவிடப் பெரிய வியாதி வேறென்ன வந்துவிடப் போகிறது.

எட்டு நாட்டு வீரர்கள் கூடுகிற போட்டி அந்த வருஷம் மருதங்குடியில் நடக்கவேண்டும். ஊரில் பழைய களம் ஒன்று உண்டு. சுற்றிலும் கல்படிகள், அங்கங்கே பெயர்ந்து கிடந்தன. அதைச் செப்பனிட்டால் போதும் என்றது பாதி ஊர். புதிதாகக் கட்டினால்தான் மரியாதை என்றது மீதி. சந்தையிலும் படித்துறையிலும் இதே பேச்சு. சில வீடுகளில் புருஷன் ஒரு கட்சி, பெண்டாட்டி ஒரு கட்சி என்று முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

புதுக் களம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் மந்திரி வீரபாகு. பழைய களத்தில் சனங்களுக்கு இடமே இல்லை என்று காலையும் மாலையும் ராஜாவின் காதில் ஓதினார். அவருடைய மைத்துனருக்கு ஊருக்கு வெளியே ஒரு கல்மலை சொந்தம். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

புதுக் களத்துக்கு மந்திரி காட்டிய இடம் ஆற்றோரத்து வெற்றிலைக் கொடிக்கால். நாற்பது குடும்பங்களுக்கு அதுதான் சோறு. அவர்களில் ஒருத்தியான அங்காயி, சபையில் வாய்ச்சாலகத்துக்குப் பேர்போன வைத்தமாநிதியைத் தேடி வந்து அழுதாள்.

"அடுத்த வாரம் கொடியை வெட்ட ஆள் வருதாம் சாமி. வேற எங்க கொண்டுபோய் நட்டாலும் அந்த ஈரம் வருமா? நாங்க எங்க போவோம்?"

வைத்தமாநிதிக்கு மனசு கேட்கவில்லை. பாதி அவளுக்காக, பாதி தனக்காக. வெற்றிலை போடாவிட்டால் அவருக்கு ஒரு யோசனையும் ஓடாது. பார்த்துக்கொள்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டு, அவள் கொடுத்த வெற்றிலைக் கவுளியிலேயே நாலைந்தைப் போட்டு மென்றபடி சபைக்குப் போனார்.

அங்கே மூன்றாவது நாளாக வாக்குவாதம். ராஜாவுக்குத் தலைவலியே வந்துவிட்டது. வைத்தமாநிதி எழுந்து, இடம் இருக்கிறதா இல்லையா என்று நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும், ஊர்சனம் முழுவதையும் பழைய களத்துக்கே வரச்சொல்லி அவர்களையே கேட்டுவிடலாமே என்றார். ஒரு ஆளுக்கு இடம் இல்லாமல் போனாலும் முதல் கொடியைத் தன் கையாலேயே வெட்டுவதாகவும் சொன்னார்.

"அத்தனை கூட்டத்தில் யாருக்கு இடமில்லை என்று எப்படித் தெரியும்?" என்றார் ராஜா.

"மந்திரியே கேட்கட்டும் மகாராஜா. இடம் கிடைக்காதவர்கள் எழுந்து நிற்கட்டும். எண்ணிவிடலாம்."

மந்திரிக்கு வாயெல்லாம் பல். அப்படியே ஆகட்டும் என்று தலையாட்டினார். வீட்டுக்குப் போனதும் தன் சொந்த ஊரிலிருந்து ஐந்நூறு பேரை வரவழைத்தார். ஒரே இடத்தில் நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடுமாம். அதனால் நாலாபக்கமும் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிட வேண்டும், தான் கேட்டதும் சடாரென்று எழ வேண்டும் என்று இரண்டு நாள் பழக்கினார். கெட்டிக்காரர்தான், யார் இல்லை என்றது.

குறித்த நாளில் காலையிலிருந்தே சனம் குவிந்தது. இவ்வளவு பேர் வருவார்கள் என்று வைத்தமாநிதியும் நினைக்கவில்லை. ஒரே ஒரு ஆள் மிஞ்சிவிட்டாலும் நாற்பது அடுப்பு அணைந்துவிடுமே என்று பயந்தார். கொஞ்சம் நகருங்க, பிள்ளையை மடியில வையுங்க என்று சனங்களே ஒருவருக்கொருவர் ஒதுங்கிக் கொடுத்தார்கள். கடைசியாக வந்த அங்காயி கூட்டமும் மேல்படியில் இடித்துப் பிடித்து உட்கார்ந்துவிட்டது. அதன்பிறகுதான் மனுஷனுக்கு மூச்சே வந்தது.

மந்திரி எழுந்தார். பழைய களத்தின் குறைகளை ஒரு நாழிகை அடுக்கினார். வெயிலில் சனம் நெளிந்தது. கடைசியில் குரலை உயர்த்தினார்.

"இடம் கிடைக்காதவர்கள் எழுந்து நில்லுங்கள்!"

ஐந்நூறு பேரும் சொல்லிவைத்தாற்போல் எழுந்தார்கள். களமே அதிர்ந்தது. அங்காயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"வைத்தமாநிதி, உம்முடைய பேச்சைக் கேட்டது என் தப்பு. ஐந்நூறு பேருக்கு இடமில்லை. கொடியை வெட்ட அரிவாள் எடுத்துக்கொள்ளும்."

"எடுத்துக்கொள்கிறேன் மகாராஜா. பாவம், வெயிலில் நிற்கிறார்களே, முதலில் அவர்களை உட்காரச் சொல்லுங்கள்."

ராஜா கையை அசைத்தார். ராஜா சொன்னால் தட்ட முடியுமா? ஐந்நூறு பேரும் உட்கார்ந்தார்கள்.

ராஜா ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நின்றுகொண்டிருப்பவர் ஒருவரும் இல்லை, மந்திரியைத் தவிர. இன்னொரு முறை பார்த்தார். கீழ்ப்படியில் எழுந்து உட்கார்ந்த ஒருவனைப் பார்த்து, இடமில்லை என்றாயே, இப்போது எதில் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டார். அவன் பரம விசுவாசி, ராஜா கேட்டால் பொய் சொல்லத் தெரியாது.

"முன்னால உட்கார்ந்திருந்த அதே இடத்துலதான் மகாராஜா. நான் எழுந்தப்போ பக்கத்து ஆள் துண்டு போட்டுப் பிடிச்சு வச்சிருந்தாரு."

களம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. மேல்படியில் அங்காயி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் தவித்தாள். பழைய களத்தைச் செப்பனிட்டால் போதும், கொடிக்காலில் ஒரு இலையைக்கூடத் தொடக்கூடாது என்று ராஜா அங்கேயே உத்தரவு போட்டார். பிறகு மந்திரியை ஒரு முறை முறைத்துவிட்டு வைத்தமாநிதி பக்கம் திரும்பினார்.

"இடமில்லை இடமில்லை என்று இத்தனை நாள் என் உயிரை வாங்கினாரே, எங்கே ஐயா கோளாறு?"

வைத்தமாநிதி கைகட்டி நின்றார்.

"களத்தில் இடம் தாராளமாக இருக்கிறது மகாராஜா. நீங்கள் மந்திரிக்குக் கொடுத்த இடம்தான் கொஞ்சம் அதிகம்."