ஆசிரியையின் ஸ்பீக்கர்

"வெட்கத்தை எப்படிம்மா விடுறது?" என்று கேட்டார் எத்திராஜ்.

ஆசிரியை சுபத்ரா பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. தொண்டையில் நடந்த அறுவை சிகிச்சையில் குரல் போய்விட்டது.

வகுப்பில் அவர் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்வார். மேஜை மேல் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் அதை வாசிக்கும். வேலூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, அந்த மாடி அறையில் ஞாயிறுதோறும் தியானம் பழக வருகிறவர்களுக்கு அதுதான் அவருடைய குரல்.

போன ஞாயிறு ஸ்பீக்கரின் ஒயர் அறுந்துபோயிற்று.

இன்று எத்திராஜ் எல்லாருக்கும் முன்னால் வந்திருந்தார். கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரியையைவிட வயதில் ரொம்ப மூத்தவர்.

"எனக்காகக் கேக்கலை. தெரிஞ்சவர் ஒருத்தருக்காக."

ஆசிரியை ஸ்பீக்கரைத் தூக்கி அவர் முன்னால் வைத்தார். பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர், சுருட்டிய புது ஒயர், ஈயம் பற்றவைக்கும் கம்பி.

"நானா? எனக்கு இதெல்லாம் பழக்கமில்லைங்களே."

ஆசிரியை ஸ்பீக்கரின் முதுகைத் தொட்டுக் காட்டினார்.

எத்திராஜ் ஸ்க்ரூக்களைக் கழற்றினார். ஒன்று உருண்டு பாய்க்கு அடியில் போயிற்று. முட்டி போட்டுத் தேடி எடுத்தார்.

மூடி திறந்தது. உள்ளே ஒரு சின்னப் பச்சைப் பலகை. மூன்று இழைகளைப் பற்றவைத்திருந்த இடத்தில் ஒன்றுதான் மிச்சம். மற்ற இரண்டும் பிய்ந்து வந்திருந்தன.

"துடைப்பம் மாட்டி இழுத்திருக்கும். அன்னைக்கு குணவதிதானே பெருக்கினாங்க?"

போன வாரமும் இதைச் சொன்னவர் அவர்தான். முதலில் அவர் சொன்னார், பிறகு எல்லாரும் சொன்னார்கள். தையல்கடையில் வேலை பார்க்கும் குணவதி, தான் பண்ணவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை. இனிமேல் நீ துடைப்பத்தைத் தொடாதே என்றார்கள். அவள் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

ஆசிரியை அறுந்த ஒயரின் முனையை எடுத்து எத்திராஜின் உள்ளங்கையில் வைத்தார். அவருடைய விரல்களை அதன்மேல் மெல்ல மடக்கினார்.

எத்திராஜ் கையைத் திறக்கவில்லை.

"நான்தாம்மா," என்றார்.

ஆசிரியை அவர் முகத்தைப் பார்த்தார்.

"போன ஞாயிறு உங்க கேள்விக்கு நான் சொன்ன பதில் புஸ்தகத்துல படிச்சதுன்னு எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. சிரிச்சாங்க. டீ குடிக்க எல்லாரும் கீழ போனப்ப நான் மட்டும் இருந்தேன். இந்த ஸ்பீக்கர் மறுபடி பேசக் கூடாதுன்னு தோணிச்சு. பிடிச்சு இழுத்துட்டேன்."

பிறகு, "நீங்க அன்னைக்கே என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்," என்றார்.

ஆசிரியை தன் தொண்டையைத் தொட்டார்.

எத்திராஜால் அதற்குப் பிறகு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

புது ஒயரின் முனையைச் சீவினார். சிவப்பு, வெள்ளை, வெறும் செம்பு. ஒயரைத் துளை வழியாக உள்ளே விட்டதும் ஆசிரியை கையைக் காட்டி நிறுத்தி, உள்பக்கம் ஒரு முடிச்சு போட வைத்தார். இழுத்தாலும் இனி பிய்யாது. ஈயம் உருகிப் புகைந்தது. கை தவறி ஒரு சொட்டு வேறு இடத்தில் விழுந்தது. ஆசிரியை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வேலையை வாங்கிக்கொள்ளவில்லை.

மாட்டிப் பார்த்தார்கள். சத்தமில்லை.

மறுபடி பிரித்து, மறுபடி பற்றவைத்தார். கரகரவென்றது.

ஆசிரியை தட்டச்சு செய்தார்.

"வணக்கம்," என்றது ஸ்பீக்கர்.

எத்திராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாரும் வந்ததும் நீங்களே சொல்லிடுங்கம்மா. நான் தலையைக் குனிஞ்சு உக்காந்துக்கறேன்."

"இது என் குரல். உங்களுடையது இல்லை," என்றது ஸ்பீக்கர்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். குணவதி கடைசி வரிசைக்குப் போனாள். ஆசிரியை கம்ப்யூட்டர் பக்கம் போகாமல் எல்லாரோடும் பாயில் உட்கார்ந்தார்.



எத்திராஜ் எழுந்தார். கடைசி வரிசைக்கு நடந்து போய் நின்றார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார்.

"துடைப்பம் இல்லைம்மா. என் கை. வேணும்னேதான் இழுத்தேன். பழிய உங்க மேல போட்டதும் நான்தான்."

குணவதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"எனக்குக் கோபம் தீரலை சார்," என்றாள். பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "கால் நடுங்குது உங்களுக்கு. முதல்ல உக்காருங்க."