கூலிக்கூடை

சீந்தி ஆற்றின் தாழ்ந்த கரையில் முயல்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பயிரிட்டு வந்தன. மழை பிடித்தால் அந்தக் கரை மூழ்கிவிடும். அதற்குள் முயல்களும் கிழங்கும் எதிர்க்கரை மேட்டுக்குப் போய்விட வேண்டும். ஆமைகள்தான் முதுகில் சுமந்து அக்கரை சேர்க்கும். மேட்டில், மழைக்காலம் முழுவதும் முயல்கள் தங்க, நனையாத குகை ஒன்று இருந்தது. அது வாலன் என்ற நரியுடையது.

வாலன் ஒரு கட்டளை போட்டிருந்தது. "விடியுமுன் கிழங்கைக் கரையில் வைத்துவிட்டுப் போய்விடுங்கள். கடைசியில் நீங்கள் அக்கரை போவதும் இருட்டில்தான், பேச்சு கூடாது. ஆமையின் பார்வை பட்ட முயலுக்கு வயல் விளையாது!"

முயல்கள் நம்பின. ஆமைகளுக்குக் கூலி என்று, வாலன் வைத்த பெரிய கூடையைத் தினமும் நிரப்பின. "ஒரு நடைக்கு இவ்வளவா? கல்நெஞ்சக்கார ஆமைகள்!" என்று திட்டிக்கொண்டே நிரப்பின.

கோரை என்ற தாய் முயல்தான் அதிகம் திட்டும். போன மழையில் கிழங்கு பாதியிலேயே தீர்ந்துபோய், அதன் கடைக்குட்டி பசியில் செத்துவிட்டது. இன்னும் மூன்று குட்டிகள் இருந்தன.

ஒரு நாள் கோரையின் காலில் கருவேல முள் ஏறிவிட்டது. நொண்டி நொண்டிக் கரைக்கு வருவதற்குள் விடிந்துவிட்டது. கோரை நாணலுக்குள் பதுங்கியது. முதலில் கரையேறிய ஆமை நேராக அங்கேதான் பார்த்தது.

"யாரம்மா அது? முள்ளா? காலை நீட்டு."

"என்னைப் பார்க்காதே! என் வயல் போய்விடும்!"

"பார்க்காமல் எப்படிப் பிடுங்குவது?" என்றது மடுவன் என்ற அந்த ஆமை. ஒரே கடியில் முள் வெளியே வந்தது.

வலி போனதும் கோரைக்குக் கோபம் வந்தது. "ஒரு நடைக்கு ஒரு கூடை கிழங்கு வாங்குகிறீர்கள். இதற்கு எத்தனை கூடை?"

மடுவன் கழுத்தை முழுவதும் வெளியே நீட்டியது. "நீங்கள் கொடுத்தனுப்பும் கூடை இதோ!" என்று முதுகில் கட்டியிருந்ததைக் காட்டியது. அதில் இரண்டு கிழங்கு வைத்தாலே நிறைந்துவிடும். "முயல்களுக்கு இதற்குமேல் மனம் வரவில்லை என்று வாலன் சொன்னான். கஞ்சப் பயல்கள் என்று நாங்களும் திட்டாத நாளில்லை!"

"அண்ணா, நாங்கள் நிரப்புவது என் உயரக் கூடை!"

அன்றே முயல்கள் கூடையை நிரப்புவதை நிறுத்தின. ஆமைகள் சுமப்பதை நிறுத்தின.

வாலன் பல்லைக் காட்டியது. "அப்படியா? குகையை மூடியாயிற்று. மேகத்தைப் பார்த்தீர்களா? இரண்டே நாளில் என் காலில் வந்து விழுவீர்கள்!"

முயல்கள் மிரண்டன. கோரை மடுவனிடம் ஓடியது. "மேட்டில் நனையாத இடம் வேறு இல்லையா?"

மடுவன் தயங்கியது. "உண்டு. நாங்கள் முட்டையிடும் மணல். எந்த வெள்ளமும் அதைத் தொட்டதில்லை. ஆனால் அந்த இடத்தை நாங்கள் யாருக்கும் காட்டுவதில்லை, தங்கச்சி."

"காட்டினால் போதும். வளை தோண்டிக் கிழங்கைப் புதைக்க எங்களுக்குத் தெரியும். உங்கள் முட்டைகளுக்கு நான் பொறுப்பு."

"எங்கள் ஆட்களைக் கேட்டுவிட்டு நாளைக் காலை வருகிறேன்."

மறுநாள் மழை கொட்டியது. காலை போய் உச்சிவேளையும் வந்தது. ஆற்றில் ஓர் ஆமையையும் காணோம்.

"நேற்றே வாலன் மடுவனிடம் குசுகுசுவென்று பேசியதே! அந்தப் பெரிய கூடையைக் கிழங்கோடு கொடுத்ததே!" என்றது ஒரு முயல்.

வாலன் சிரித்தது. "உன் அண்ணன் விலைபோய்விட்டான், கோரை!"

தண்ணீர் கோரையின் வளை வாசலைத் தொட்டது. மூன்று குட்டிகளும் அம்மாவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டன. இரண்டு முயல்கள் தலைகுனிந்தபடி வாலனிடம் நடக்கத் தொடங்கின.

அப்போது ஆற்றில் அந்தப் பெரிய கூடை கிழங்கோடு தெரிந்தது. மடுவன் அதைத் தலையால் முட்டி முட்டித் தள்ளிக்கொண்டு வந்தது. பின்னால் ஆற்றை மறைத்துக்கொண்டு ஆமைக்கூட்டம்!

"ஒவ்வொருவரையும் கேட்க நேரமாகிவிட்டது," என்று மூச்சு வாங்கியது மடுவன். "உங்களைக் கைவிட்டால் தினமும் இந்தக் கூடை நிறையக் கிழங்காம், எனக்கு மட்டும்! எல்லோரும் பார்க்கட்டும் என்று கொண்டுவந்தேன்."

கோரை கிழங்கைக் கொட்டிவிட்டு, ஆமைகளின் சின்னக் கூடையைப் பெரிய கூடைக்குள் போட்டது. அது அடியில் போய் உருண்டது. வாலனிடம் போன இரண்டு முயல்களும் எட்டிப் பார்த்தன. திரும்பி வந்தன.

"ஏறுங்கள்!" என்றது மடுவன்.

முதல் நடையில் குட்டிகள் போயின. பிறகு கிழங்கு போனது. ஆமைகள் வழிகாட்ட, முயல்கள் முட்டைகளிலிருந்து எட்டத் தள்ளி மணலைத் தோண்டின. மாலைக்குள் தாழ்ந்த கரையில் மிஞ்சியது ஒரு பாறையும், அதன்மேல் நனைந்த நரியும்தான்.

"ஐயோ, என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள்! கூலி தருகிறேன்!" என்று கத்தியது வாலன்.

கோரை மேட்டில் நின்று இரண்டு கூடைகளையும் தூக்கிக் காட்டியது. "ஏற்றிக்கொள்கிறோம். எந்தக் கூடையால் அளக்கட்டும், சொல்!"

விளைவிப்பவரும் சுமப்பவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டால், இடையில் நின்று இருவரையும் ஏய்ப்பவனுக்குப் பிழைக்க வழியில்லை.