நிறுத்தத்துக்குள் ஒரு கேள்வி

உப்பளங்களுக்கு நடுவே ஒரு பழைய கிட்டங்கி இருந்தது. முன்பு அதில் உப்பு மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இப்போது நான்கு மேசைகளும் ஆறு கணினிகளும் ஒரு மின்விசிறியும் இருந்தன. சுவரில் கை வைத்தால் உள்ளங்கையில் இன்னமும் உப்பு ஒட்டியது.

டெல்பின் டீச்சர் அங்கே நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு வயது முப்பத்தெட்டு. அவரிடம் படிக்க வந்த மாசிலாமணிக்கு ஐம்பத்தாறு. இருபத்தைந்து வருஷம் கப்பல்களில் வயர்லெஸ் அறையில் வேலை பார்த்தவர் அவர். கரைக்கு வந்த பிறகு, ஐம்பது வயதில், நிரல் எழுதப் பழகினார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார். அவர் டீச்சரை டீச்சர் என்பார்.

இருவரும் சேர்ந்து ஒரு பெட்டி செய்திருந்தார்கள். படகில் மாட்டும் சின்னப் பெட்டி. அதில் ஒரு சிவப்புப் பொத்தான். கடலில் ஆபத்து என்றால் பொத்தானை அழுத்த வேண்டும், செய்தி கரைக்கு வந்துவிடும். பக்கத்து மீனவர் ஊரில் நாற்பது படகுகளில் அந்தப் பெட்டி இருந்தது.

மாசி மாதத்தில் அந்த ஊர்க் கஸ்பார் என்பவரின் படகு நடுக்கடலில் எஞ்சின் நின்று தத்தளித்தது. அவரும் அவர் தம்பி பெஞ்சமினும் பொத்தானை அழுத்தினார்கள். கரைக்கு எதுவும் வரவில்லை. நாலாம் நாள் வேறொரு படகு அவர்களைப் பார்த்தது. கஸ்பாருக்கு உயிர் இருந்தது. தண்ணீர் இல்லாமல் பெஞ்சமின் முந்தின நாள் மதியமே இறந்து போயிருந்தான்.

பெட்டி திரும்பி வந்தது. அலையடித்துத் தண்ணீர் ஏறி அது செத்திருந்தது. ஆனால் நடந்ததையெல்லாம் நேரத்தோடு குறித்து வைக்கும் பதிவு மட்டும் உள்ளே பிழைத்திருந்தது. அந்தப் பதிவை இன்னொரு பெட்டிக்குள் ஓடவிட்டார்கள். கடலில் நடந்தது கிட்டங்கியிலும் நடந்தது. செய்தி போகவில்லை.

அது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் மணலில் கிடந்தன. தடை முடிய இருபது நாள் இருந்தது.

*

டீபக்கர் என்று ஒரு கருவி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை வேண்டிய இடத்தில் நிறுத்தி உள்ளே எட்டிப் பார்க்க உதவும். நிற்க வேண்டிய இடத்தில் வைக்கும் குறிக்குக் கிட்டங்கியில் நிறுத்தம் என்று பெயர். அவர்களிடம் இருந்த டீபக்கரை டீச்சரே எழுதியிருந்தார். ஸ்கிரிப்ட் என்ற சின்னக் கட்டளைத் தொகுப்பு எழுதியும் அதை இயக்கலாம். ஆனால் ஸ்கிரிப்ட்டுக்கு இரண்டு வார்த்தைதான் தெரியும். இங்கே வை. இங்கிருந்து எடு.

மாசிலாமணி ஒரு நிறுத்தம் வைத்தார். நிரல் நின்றது. பார்த்தார், ஓடவிட்டார். செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

நிறுத்தத்தை எடுத்தார். செய்தி போகவில்லை.

வேறு இடத்தில் வைத்தார். போனது. எடுத்தார். போகவில்லை.

எட்டு நாள் இப்படியே கழிந்தது. ஒன்பதாம் நாள் காலையில் டீச்சரிடம் வந்தார்.

"டீச்சர், ஸ்கிரிப்ட்டுக்கு இன்னொரு வார்த்தை சொல்லிக்கொடுக்கணும்."

"என்ன வார்த்தை?"

"எல்லா இடத்திலயும் வைன்னு. ஒவ்வொண்ணா வெச்சா பிழை தப்பிச்சுப் போயிருது. நிரல்ல ஆயிரத்து நூறு இடம் இருக்கு. மொத்தத்திலயும் வெச்சுப்புட்டா எங்க போகும்?"

டீச்சர் எழுந்து செருப்பை மாட்டினார்.

"வாங்க அண்ணாச்சி, அந்த உப்பு அம்பாரம் வரைக்கும் போயிட்டு வருவோம்."

வெளியே வெயில் வெள்ளையாக இருந்தது. பாத்திகளில் தண்ணீர் அசையவே இல்லை. வானம் கீழேயும் கிடந்தது. தூரத்து அம்பாரம் தரையைத் தொடாமல் மிதப்பது போலத் தெரிந்தது.

வரப்பில் மாசிலாமணி ஓரடி வைத்தார்.

"நில்லுங்க" என்றார் டீச்சர். "இப்போ என்ன நினைச்சீங்க?"

"ஒண்ணும் நினைக்கல டீச்சர்."

"சரி. நடங்க."

அடுத்த அடி.

"நில்லுங்க. இப்போ?"

"வெயிலடிக்குன்னு நினைச்சேன்."

"நடங்க."

ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தினார். ஒவ்வொரு அடிக்கும் கேட்டார். அம்பாரத்துக்குப் போய்ச் சேரும்போது மாசிலாமணியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. தான் நடக்கிறோமா, நடப்பதை யாரோ சொல்லக் கேட்கிறோமா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"கிட்டங்கியில என்ட்ட ஒண்ணு கேட்டீங்களே, என்னது?"

மாசிலாமணி யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

"திரும்பிப் போவோம்" என்றார் டீச்சர். "இப்போ நான் நிறுத்தமாட்டேன்."

மாசிலாமணி முன்னால் நடந்தார். டீச்சர் பின்னால் வந்தார். மெல்ல மாசிலாமணியின் நடை அவரிடம் திரும்பி வந்தது. பாதி வரப்பில் சட்டென்று காலைத் தூக்கியபடி நின்றார்.

"நான் நிறுத்தலையே?"

"முட்டை கெடக்கு டீச்சர்."

வரப்பின் மண்ணோடு மண்ணாக நான்கு முட்டைகள். ஆள்காட்டிக் குருவி இட்டவை. இன்னும் ஓரடி வைத்திருந்தால் மிதித்திருப்பார்.

"போகும்போதும் இந்த வரப்பு வழியாத்தானே போனோம்?" என்றார் டீச்சர்.

மாசிலாமணி முட்டைகளைச் சுற்றிக் கால் வைத்துத் தாண்டினார்.

*

மூன்று நாள் மாசிலாமணி உட்கார்ந்து எழுதினார்.

டீபக்கர் இதுவரை நிறுத்தத்துக்கு வந்ததும் நின்றுவிடும். அவர் அதை மாற்றினார். இனி நிறுத்தத்துக்கு வந்ததும் அது ஸ்கிரிப்ட்டிடம் ஒரு கேள்வி கேட்கும். நிற்கவா? ஸ்கிரிப்ட் சுற்றிலும் ஒரு பார்வை பார்க்கும். தேவையென்றால் நில் என்று சொல்லும். இல்லையென்றால் போ என்று சொல்லிவிடும். கண்ணிமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நிரலுக்கு யாரோ பார்த்ததே தெரியாது.

டீச்சர் அதைப் படித்தார். இரண்டு வரியை அழித்தார். ஒரு வரியைச் சேர்த்தார்.

"இது டீபக்கர்லயே இருக்கட்டும்" என்றார்.

அந்த மூன்று வார்த்தைக்கு மாசிலாமணியின் முகம் மலர்ந்தது.

கெட்டுப்போன செய்தி எங்காவது தட்டுப்பட்டால் நில் என்று சொல்லும்படி ஸ்கிரிப்ட் எழுதினார். முக்கியமான சில இடங்களில் நிறுத்தம் வைத்தார். பதிவை ஓடவிட்டார்.

செய்தி போகவில்லை.

"போகல டீச்சர்! போகல!" என்று நாற்காலியை விட்டு எழுந்தார். டீபக்கர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிழை முதல்முறையாக வெளியே வந்திருந்தது.

"எங்க நின்னுச்சு?"

மாசிலாமணி திரையைப் பார்த்தார். எங்கும் நிற்கவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் ஸ்கிரிப்ட் போ போ என்றே சொல்லியிருந்தது. செய்தி எங்கும் கெடவில்லை. எங்கும் போகவும் இல்லை.

மறுபடி ஓடவிட்டார். அதேதான். இடங்களைக் கூட்டினார். அதேதான்.

மதியம் கிட்டங்கி முழுவதும் வெளிச்சம் உப்பைப் போலப் படிந்திருந்தது. மேசையில் தலை சாய்த்தவர் அப்படியே கண்ணயர்ந்தார். கனவில் அலையே இல்லாத ஒரு வெள்ளைக் கடல். அதன் மேல் அவர் நடந்துகொண்டிருந்தார். காலுக்கடியில் யாரோ தட்டினார்கள். பழைய வயர்லெஸ் தட்டல் மாதிரி இருந்தது, ஆனால் எழுத்தாகச் சேரவில்லை. விடாமல் தட்டிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் நிறுத்துங்க, அப்போதான் எனக்கு விளங்கும் என்று அவர் குனிந்து சொன்னார். தட்டல் நிற்கவில்லை. அவருக்கு எரிச்சல் வந்தது.

கண் விழித்தபோது டீச்சர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, எத்தனை இடத்தில கேக்கச் சொல்லியிருக்கீங்க?"

"ஆயிரத்துத் தொண்ணூறு இருக்கும். இப்போ அதைத் தாங்குது டீச்சர்."

"மிச்சம் பத்து?"

"அது ஒரே ஃபைல். பொத்தான் அழுத்தினதை வாங்குற இடம். அங்க வேண்டியதில்ல."

"ஏன்?"

"அது நான் எழுதினது."

சொன்ன வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. டீச்சர் எழுந்து போய் மின்விசிறியை ஒரு எண் கூட்டி வைத்தார்.

மாசிலாமணி அந்த ஃபைலின் வாசலில் ஒரே ஒரு நிறுத்தம் வைத்தார். என்ன கேட்பது என்று தெரியவில்லை. எதையும் தேட அவருக்கு இப்போது துணிவில்லை. வருவதை மட்டும் எண்ணிக்கொள், ஒருபோதும் நில் என்று சொல்லாதே என்று எழுதினார். பதிவை ஓடவிட்டுவிட்டு ஒன்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் பதிவு. அதற்குப் பிறகு பெட்டிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது.

திரையில் ஓர் எண் நின்றது. முந்நூற்று நாற்பத்தொன்று.

"எது முந்நூத்தி நாப்பத்தொண்ணு?" என்றார் டீச்சர்.

"அழுத்தினது."

ஒன்பது நிமிஷத்தில் முந்நூற்று நாற்பத்தொரு முறை. ஒருவர் கை ஓய்ந்ததும் மற்றவர் அழுத்தியிருக்க வேண்டும்.

வெளியே போனது ஒன்றுகூட இல்லை.

மாசிலாமணி தான் எழுதியதைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டு வருஷத்துக்கு முன்பு எழுதியது. கப்பலில் இருந்த காலத்தில் ஒரே செய்தியைத் தட்டித் தட்டி அலைவரிசையை அடைத்துக்கொள்ளும் ஆட்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அதனால் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். பொத்தானை அழுத்தினால் இருபது நொடி காத்திரு. அதற்குள் மறுபடி அழுத்தினால் முதலிலிருந்து இருபது நொடி காத்திரு. கை அடங்கிய பிறகு ஒரே செய்தியாக அனுப்பு.

சோதிக்கும்போதெல்லாம் அவர் ஒருமுறைதான் அழுத்தினார். நாற்காலியில் உட்கார்ந்து, தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு.

டீபக்கர் நிரலை நிறுத்தியபோதெல்லாம் ஏன் ஒழுங்காக வேலை செய்தது என்பதும் இப்போது விளங்கியது. நிரல் நின்றாலும் கடிகாரம் நிற்பதில்லை. அவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இருபது நொடி தாண்டிவிட்டது. செய்தி போய்விட்டது.

அந்த வரிகளை மறுபடியும் முதலிலிருந்து படித்தார். உப்பளத்தில் யாரோ பலகையால் உப்பு வாரும் சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

*

அந்த வரிகளை எடுத்துவிட்டு எழுதுவதற்கு அரை மணி நேரமே ஆனது. முதல் அழுத்திலேயே செய்தி போனது. பிறகு மற்ற முப்பத்தொன்பது படகுகளுக்கும் போய், மணலில் மண்டியிட்டு, ஒவ்வொரு பெட்டியையும் திறந்து மாற்றினார்கள். மாற்றிய ஒவ்வொன்றையும் மாசிலாமணி கடலில் மாட்டிக்கொண்ட மனிதரைப் போல அழுத்தினார். விடாமல் அழுத்தினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

ஏழு நாளில் வேலை முடிந்தது. தடை முடிய ஒரு நாள் இருந்தது.

கிட்டங்கிக்குத் திரும்பியதும் மாசிலாமணி சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நான்காக மடித்திருந்தது.

"கஸ்பார்ட்ட போகணும் டீச்சர்."

"ஆமா."

"என்ன சொல்லணும்னு எழுதி வெச்சிருக்கேன். ஒருக்கப் படிச்சுப் பாக்கீங்களா?"

டீச்சர் தாளை வாங்கினார். பிரிக்காமல் மேசை மேல் வைத்தார்.

"அந்த இருபது நொடி வரியை நீங்க எழுதினீங்க. நான் படிச்சிட்டு நல்லாயிருக்குன்னேன். நானும் வாரேன்."

"தாளு?"

"இங்கயே இருக்கட்டும்."

"அப்போ என்னன்னு சொல்ல?"

"நடந்ததைச் சொல்லுவோம். யாரு எழுதினா, யாரு சரின்னா, அதையும் சொல்லுவோம். ரெண்டு நிமிஷத்தில சொல்லி முடிச்சிரலாம்."

"அதுக்கப்புறம்?"

"உக்காந்திருப்போம்."

"அவரு ஏசுவாரு டீச்சர்."

"ஏசட்டும்."

"சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லுவாரு. தம்பியைப் பத்தி விடாமச் சொல்லுவாரு."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே உப்புப் பாத்திகள் ஒளியில் கரைந்துகொண்டிருந்தன. அவற்றுக்கும் அப்பால் கடல் இருந்ததா, வானம்தானா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மாசிலாமணி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எப்போ எந்திரிச்சு வரணும் டீச்சர்?"

"அதை அவரு சொல்லட்டும்" என்றார் டீச்சர்.