பெயர் வரும் இடம்

பல்கலைக்கழக மாணவர் இதழில் கொம்பையா சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. இதழின் ஆசிரியர் ஜெசிந்தா, முனைவர் பட்ட மாணவி. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்ல மாட்டார் என்று வளாகத்தில் பேச்சு.

அன்று மத்தியானம் இதழ் அச்சுக்குப் போக வேண்டும். கொம்பையா அலுவலக அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றான்.

"என்னல, பரீட்சை ஹாலுக்கு வெளிய நிக்க மாதிரி நிக்கே? உள்ள வா."

"அக்கா, ஒரு சந்தேகம். செய்தியில ஒருத்தர் பேரை எப்போ விட்டுரலாம்?"

"எந்தச் செய்தி?"

"பொதுவாத்தான் கேக்கேன்."

"பொதுவா கேக்கவனுக்கு இப்படி வேர்க்காதுல."

கொம்பையா ஒளிக்காமல் சொல்லிவிட்டான். பிட் வைத்துத் தேர்வு எழுதி ரூபன் பிடிபட்டிருந்தான். விடுதியில் இவனுடைய அறைத்தோழன். செய்தியை எழுதியதும் இவன்தான், பெயரோடும் துறையோடும். எழுதி அனுப்பிய பிறகுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

காலையில் ரூபன் பல் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "பத்திரிகைக்காரரே, பேரைப் போட்டுராதேயும். எங்கய்யா வாட்ஸப்புல பாத்தாருன்னா அன்னைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லிருவாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் வாய் கொப்பளிக்கப் போனவன் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

"பேரை விட்டுரலாமாக்கா?"

ஜெசிந்தா கணினியில் எதையோ தேடி எடுத்தார்.

"கண்ணை மூடிக்க. ரெண்டு செய்தி படிக்கேன். ஒண்ணு உன் ரூபன். இன்னொண்ணு போன மாசம் வந்தது. அதுவும் நீ எழுதினதுதான்."

படித்தார். பெயரும் துறையும் வரும் இடத்தில் மட்டும் வாயைத் திறக்காமல் மேசையை விரலால் தட்டினார்.

"தேர்வு அறையில் பிட் வைத்து எழுதியதாக..." டொக். "...பிடிபட்டார். அவரது விடைத்தாள் பறிமுதல் செய்யப்பட்டது. விசாரணை நடக்கிறது."

அடுத்ததையும் படித்தார். ஒரு சொல் மாறவில்லை. எங்கேயாவது தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில், கொம்பையா போன மாதச் செய்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதியிருந்தான்.

"எது ரூபன்?"

"தெரியலக்கா."

"ஒண்ணுல பேரைப் போடணும், ஒண்ணுல விடணும்னு நெனைக்கே. எதுல விடட்டும்? முதல்ல படிச்சதுலயா, ரெண்டாவதுலயா?"

கொம்பையா கண்ணைத் திறக்கவில்லை.

"போன மாசத்துப் பையன் யாருன்னே எனக்குத் தெரியாதுக்கா. விலங்கியல் துறை. மெஸ் வரிசையில ஒரு தடவை பாத்திருக்கேன். அதுக்கப்புறம் பாக்கவே இல்ல."

"நானும் பாக்கல. பேரோட போகட்டும்னு சொன்னது நான்தான்."

மின்விசிறி கரகரவென்று சுற்றியது.

"ரெண்டுலயும் பேர் வேண்டாம்கா," என்றான் கொம்பையா.

விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தான். திரையில் ரூபனின் பெயரும் துறையும் இருந்த இடத்தில், 'ஒரு மாணவர்' என்று இருந்தது.

"இதுல எடுத்தாச்சு," என்றார் ஜெசிந்தா. "அது ஊரெல்லாம் போயிருச்சு. அதுல எப்படி எடுக்கப் போறோம்?"