வளைவில் தூவிய சாமந்தி

மலைப்பாதையோரம் ஒரு மடம். அதன் குரு பெரியநாயகி அம்மாள். சீடர் தாண்டவராயன் அவரைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் வாய் நிறைய "அம்மா" என்பார். அம்மாள் அவரை "ஐயா" என்பார். அங்கே வழக்கமே அப்படித்தான்.

அன்று விடிந்ததிலிருந்து தாண்டவராயன் ஓரிடத்தில் நிற்கவில்லை. பெரிய பெரிய அணிகள் மோதும் சைக்கிள் பந்தயம் மலையிலிருந்து இறங்கி, மடத்து வாசல் கொண்டை ஊசி வளைவில் திரும்பப் போகிறது. ஊரே கட்டுச்சோற்றோடு சாலையோரம் வந்து உட்கார்ந்துவிட்டது.

இவர் வேடிக்கைக்கு வரவில்லை. அந்தப் பந்தயத்தில் சேவியர் ஓட்டுகிறான்.

முன்பு ஒரு மழை நாளில் இதே பாதையில் தாண்டவராயன் பைக்கோடு சறுக்கி விழுந்து, கால் முறிந்து கிடந்தார். காரும் பஸ்ஸும் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. மகராசன்கள், அவர்களுக்கு என்ன அவசரமோ! சைக்கிள் பயிற்சிக்கு வந்த ஒரு பையன்தான் இறங்கினான். பனியனைக் கழற்றிக் காலைக் கட்டினான். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லண்ணே, ஒண்ணுமில்லண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டான். பிறகு பேப்பரில் படம் பார்த்துத்தான் அவன் சேவியர் என்று இவருக்குத் தெரிந்தது.

அணியோடு ஊர் ஊராகப் பறப்பவனை எங்கே போய்ப் பிடிப்பது? ஒரு நன்றி சொல்லவில்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இன்றைக்கு விட்டால் இனி எப்போதோ.

அதனால் காலையிலேயே ஒரு கூடை சாமந்தியை உதிர்த்து, சாமி புறப்பாட்டுக்குத் தூவுவதுபோல் வளைவு முழுக்கத் தூவிவிட்டார். தோளில் பொன்னாடை வேறு.

அம்மாள் வெளியே வந்தார்.

"என்னய்யா இது?"

"நன்றிம்மா. சேவியர் தம்பி பூ மேலயே போகட்டும்."

"பொன்னாடை?"

"திரும்புற எடத்துல கொஞ்சம் மெதுவாத்தானே வருவாங்க. அப்படியே தோள்ல..."

நல்ல கூத்து! அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடக்கிக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பூவின் மேல் நடந்தார். பனியில் ஊறிய பூ. இரண்டாம் அடியிலேயே கால் சர்ரென்று வழுக்கியது. தாண்டவராயன் பதறிப்போய்த் தாங்கிப் பிடித்தார்.

"நான் நடந்துதான் வந்தேன்யா. அந்தத் தம்பி எப்படி வருவார்?"

தாண்டவராயனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ! என்னைக் காப்பாத்தினவரை நானே..."



அம்மாள் உள்ளே போய் விளக்குமாற்றை எடுத்து வந்து கொடுத்தார்.

அவர் கூட்டினார். தாரில் ஒட்டிய இதழ்களைக் குந்தி உட்கார்ந்து நகத்தால் கிள்ளி எடுத்தார். கிடந்த ஜல்லியையும் பொறுக்கினார்.

"என்ன சாமி, போட்டதும் நீங்களே, கூட்டுறதும் நீங்களேவா?" என்று கூட்டத்தில் ஒருவர் கிண்டலடித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

இவர் நிமிரவில்லை. ஈரம் இன்னும் மினுமினுத்தது. பொன்னாடையை உதறி, மண்டியிட்டு, வளைவைத் துடைத்தார்.

"எந்திரிங்க சாமி! வந்துட்டாங்க!"

ஜீப் ஊளையிட்டுக்கொண்டு போனது. பின்னாலேயே சக்கரங்களின் இரைச்சல். கூட்டம் தட்டைத் தட்டியது, ஓவென்று கத்தியது. பேப்பரில் பார்த்த சேவியரின் ஊதாப் பனியன் வளைவில் அப்படியே படுத்து, துடைத்த இடத்தின் மேல் திரும்பி, நிமிர்ந்து, போயேபோய்விட்டது.

"தம்பி!" என்று கூப்பிட நினைத்தார். அதற்குள் கைகள் தாமாகக் குவிந்தன.

"பார்த்தீங்களாம்மா? நல்லா இருக்கார். நல்லா இருக்கார்மா!" கண்ணீர் தாடியில் இறங்கியது. அழுக்குப் பொன்னாடையாலேயே துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து முகம் வாடியது.

"ஆனா என் பக்கம் திரும்பக்கூட இல்லையே. நான் நன்றி சொன்னது அவருக்குத் தெரியவே தெரியாதே."

அம்மாள் சாலையைப் பார்த்தார்.

"வழுக்காம திரும்பினாரா?"

"திரும்பினார்மா."

"அப்ப வாங்கிக்கிட்டுத்தான்யா போயிருக்கார்."