வளை வரைக்கும் நீண்ட பந்தி

பிலேமோன் என்ற முள்ளம்பன்றிக்குக் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. தேரிக்காட்டுக் குளத்தங்கரையில் யார் இருமினாலும் எல்லா விலங்குகளுக்கும் குலை நடுங்கிய காலம் அது. அணில் வீட்டில் இரண்டு பிள்ளைகளைப் புதைத்தாயிற்று. நோய் வந்தவர் வளையை விட்டு வரக்கூடாது, மற்றவர் கிட்டே போகக்கூடாது என்று காடே கூடி முடிவு செய்திருந்தது.

தினமும் காலையில் வாத்து தெபோராள் ஒரு சிரட்டையில் கஞ்சி கொண்டுவருவாள். வளை வாசலில் வைப்பாள். உடனே பின்னால் நகர்ந்துவிடுவாள்.

"பிச்சைக்காரனுக்குப் போடுற மாதிரி வச்சிட்டு ஓடுறா!" என்று முணுமுணுத்துக்கொண்டே பிலேமோன் குடிப்பான். தலையை நிமிர்த்தவே மாட்டான். அவனுக்கு முள்ளைவிட ரோஷம் அதிகம்!

அன்று அசனம் என்ற கோயில் விருந்து. கரையிலிருந்த சின்ன தேவாலயத்தில் வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மக்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மிஞ்சிய சோற்றைக் குளக்கரையில் வைத்துவிட்டுப் போவார்கள். உடனே விலங்குகள் தோளோடு தோள் உரசி ஒரே பந்தியாக உட்காரும். எப்போதும் முயலுக்கும் கீரிக்கும் நடுவில்தான் பிலேமோனின் இலை. முள் குத்துகிறதென்று இதுவரை ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

வளைக்கு மேலே இருந்த கிளையில் காகம் வந்து உட்கார்ந்தது.

"அண்ணாச்சி, சங்கதி தெரியுமா? முயலுக்கும் கீரிக்கும் நடுவுல உங்க இலையைக் காணோம்! என் கண்ணால பாத்தேன்!"

"என்னது?"

"உங்களை ஒதுக்கிட்டாங்க! நேரா போய் நடுவுல உட்காருங்க. யாரு என்ன செய்றாங்கன்னு பாத்துருவோம்!"

காகத்தின் திட்டம் வேறு. காய்ச்சல்காரன் நடுவில் வந்து நின்றால் பந்தியே சிதறி ஓடும். மொத்தச் சோறும் தனக்கே என்று கணக்குப் போட்டிருந்தது!

பிலேமோனுக்குக் காய்ச்சலைவிட அந்தப் பேச்சுதான் அதிகமாகச் சுட்டது. முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி வாசலுக்கு வந்தான்.

"அங்கேயே நில்லுங்க அண்ணாச்சி! இலையை மிதிச்சிராதீங்க!"

தெபோராளின் குரல். பிலேமோன் குனிந்து பார்த்தான். காலடியில் கழுவிய வாழையிலை. அதில் சூடு ஆறாத சோறு, ஓரத்தில் கத்திரிக்காய்க் கூட்டு.

ஒன்பது நாளில் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். பத்தடி தள்ளி தெபோராள், அவள் முன்னால் ஓர் இலை. அதற்குப் பத்தடி தள்ளி முயல். அப்புறம் கீரி, ஆமை, பிள்ளைகளைப் பறிகொடுத்த அணில். குளக்கரையிலிருந்து அவன் வளை வரைக்கும் பந்தி நீண்டு கிடந்தது. யாரும் இன்னும் வாய் வைக்கவில்லை.

"பக்கத்துல உட்கார முடியாது. அதான் பந்தியை உங்க வாசல் வரைக்கும் இழுத்துட்டு வந்துட்டோம்," என்றாள் தெபோராள். "உங்க இலைதான் இன்னைக்கு முதல் இலை. ஆரம்பிங்க, எல்லாருக்கும் பசிக்குது!"

"தினமும் வச்சிட்டு ஓடினியே, தங்கச்சி?"

"எங்க ஓடினேன்? வீட்டுல ஏழு குஞ்சு இருக்கு, கிட்ட வர முடியாது. இந்தக் கள்ளிப் பக்கம் நின்னு, நீங்க கடைசிச் சொட்டு குடிக்கிற வரைக்கும் பாத்துட்டுத்தான் போவேன். நீங்கதான் நிமிர்ந்தே பாக்கல!"

பிலேமோனுக்குக் கண் கலங்கிவிட்டது. காகத்தின் பேச்சைக் கேட்டுப் போயிருந்தால் அந்த ஏழு குஞ்சுகளுக்கும் நோயைக் கொடுத்திருப்பான்! மெதுவாகப் பின்வாங்கி வளைக்குள் உட்கார்ந்தான். இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ஸ்தோத்திரம்! எல்லாருக்கும் ஸ்தோத்திரம்!" என்று நன்றி சொன்னான்.

காகம் சத்தமில்லாமல் நழுவப் பார்த்தது.

"ஏல, எங்க போற?" என்று அணில் கூப்பிட்டது. "உனக்கும் இலை போட்டிருக்கு. தள்ளி உட்கார்ந்து சாப்பிடு!"

காகம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தன் இலைக்கு வந்தது. பிலேமோன் முதல் கவளத்தை வாயில் வைத்தான். பந்தி முழுவதும் சாப்பிடத் தொடங்கியது.

நோய்க் காலத்தில் எட்டி நிற்க வேண்டியதுதான், ஆனால் எட்டி நின்றபடியே அடுத்தவர் வாசலில் ஓர் இலை போடுவதுதான் இயேசு காட்டிய அன்பு.