மைக்கில் வந்த பெயர்

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நன்கொடை தந்தவர்களின் பேரையெல்லாம் மைக்செட் காத்தமுத்துதான் வாசித்துக்கொண்டிருந்தார். கழிப்பறை கட்ட வீட்டுக்கு இரண்டாயிரம் என்று பெற்றோர் சங்கத் தலைவர் வைத்திலிங்கம் விதித்திருந்தார். மழை பொய்த்த வருஷம். பாதி வீடுகளால் முடியவில்லை.

தலைவருக்குக் கோபம் தலைக்கேறியது. மைக் அருகே வந்து, "தராதவங்க பேரையும் வாசிய்யா. அப்பத்தான் ரோஷம் வரும்" என்றார்.

கூட்டத்தில் பல தலைகள் கவிழ்ந்தன.

"யாரையும் விடக்கூடாதுங்களா?" என்று கேட்டார் காத்தமுத்து.

"என் சொந்தக்காரனா இருந்தாலும் விடாதே!"

காத்தமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏழாம் வகுப்பு பூங்குழலியின் அப்பா, காத்தமுத்து. தரவில்லை."

மகள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"எட்டாம் வகுப்பு இளங்கோவின் அப்பா, வைத்திலிங்கம். தரவில்லை."

கவிழ்ந்திருந்த தலைகள் நிமிர்ந்தன.

"வசூல் பண்றவன் நானுமாடா தரணும்?" என்று தலைவர் கத்தியது நாலு ஒலிபெருக்கியிலும் ஊருக்கே கேட்டது.

"அடுத்த பேரை வாசிக்கட்டுங்களாய்யா?" என்றார் காத்தமுத்து பணிவாக.

"வேணாம்."

அடுத்த வருஷம் மேடையோரம் ஓர் உண்டியல் இருந்தது. முடிந்தவர்கள் முடிந்ததைப் போட்டார்கள். மைக்கில் பாட்டு மட்டும் கேட்டது.